ஸ்டெபிலைசரின் நான்காம் தடம்

மாடி அறையில் பதிவான ஒலி எதுவானாலும் அதை உண்டாக்கியது யார் என்று கேட்கக் கூடாது. உண்டாக்கியவரும் அதைச் சொல்லிக்கொள்ளக் கூடாது. இந்த விதியை அந்த மூவரில் எவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, எழுதி ஒட்டியதுமில்லை. ஆயினும் எழுதி ஒட்டப்பட்ட எத்தனையோ விதிகளுக்குக் கிடைக்காத மரியாதை அதற்குக் கிடைத்தது.

அது முளைத்த விதம் இப்படி. அக்காவும் தம்பியும் தம்பியின் சிநேகிதனும் சேர்ந்து ஒரு மின்னிசைக் குழுவைத் தொடங்கிய புதிதில், ஒரு பாட்டின் முகப்பில் வரும் சின்ன மெட்டு தன்னுடையது என்றான் தம்பி. இல்லை, தன்னுடையது என்றான் சிநேகிதன். சிநேகிதன் உருவத்தில் சிறியவன், சூடேறினால் பொரிந்து தள்ளிவிடுவான். அதனாலேயே அவனுக்குக் கடுகு என்று பெயர். அன்று கடுகு வெடித்ததில் கீபோர்டின் ஒயர் அறுந்தது. தம்பியின் சட்டைப் பையும் கையோடு வந்துவிட்டது. மறுநாள் இருவரும் ஒரே அறைக்குள் நுழைய மறுத்தார்கள். இசையை விடவும் மனமில்லை. எனவே ஒருவர் உள்ளே இருக்கும்போது மற்ற இருவரும் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பது என்று தானாகவே ஒரு வழக்கம் ஏற்பட்டது.

அவர்களிடம் இருந்த ரெக்கார்டரும் அந்த வழக்கத்துக்குத் தோதாக அமைந்தது. அதுவும் கேசட்டில் பதியும் இயந்திரந்தான். ஆனால் ஒரே நாடாவில் நான்கு தடங்களை அடுத்தடுத்து, தனித்தனியே பதியும். முதலில் போகிறவர் ஒரு தடத்தில் எதையாவது வாசித்துவிட்டு வெளியே வருவார். அடுத்தவர் போய் ஹெட்ஃபோனில் அதைக் கேட்டு, தன் பங்கை இரண்டாவது தடத்தில் சேர்ப்பார். மூன்றாமவர் மூன்றாவதில். ஆள் மூன்று, தடம் நான்கு என்பதால் நான்காவது பொதுச்சொத்து: ஆசைப்பட்டவர் ஆளில்லாத வேளையில் போய் நிரப்பிக்கொள்ளலாம். வெளியே வந்தவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடும் என்று கேசட்டின் மேல் பெயர் எழுதுவதுகூட இல்லை. தவறிப்போய் யாரும் அழித்துவிடாமல் இருக்க அதன் முதுகில் உள்ள பிளாஸ்டிக் பல்லை உடைத்து வைப்பதோடு சரி. குழுவுக்குப் பெயர் வைத்தவர் யார் என்பதும் தெரியாது. அறை மூலையில் ஓயாமல் முனகிக்கொண்டிருந்த வோல்டேஜ் ஸ்டெபிலைசரின் முனகல் எல்லாப் பதிவிலும் விழுந்துகொண்டிருந்தது. ஒரு நாள் பார்த்தால் கதவில் சாக்கட்டியால் ‘ஸ்டெபிலைசர்’ என்று, அச்செழுத்துப் போல, யாருடைய கை என்று கண்டுபிடிக்க முடியாதபடி எழுதியிருந்தது.

விதி அவர்களைச் சேர்த்து வைத்தது, பிரித்ததும் அதுவே. அந்த வீட்டைக் காலி செய்தபோது கேசட்டுகள் இருந்த அட்டைப்பெட்டி காணாமல் போயிற்று. கடுகு தூக்கிக்கொண்டு போய்விட்டான் என்று தம்பி நினைத்தான். தம்பி ஒளித்து வைத்துவிட்டான் என்று கடுகு நினைத்தான். “நீ எடுத்தியா?” என்று ஒருவன் கேட்டிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். ஆனால் யார் செய்தது என்று கேட்காமலே பழகியவர்களுக்குக் கேட்கும் நாக்கு மரத்துப் போயிருந்தது. கேட்காத கேள்வியை நடுவில் வைத்துக்கொண்டு இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். குழு கலைந்தது. ஒரு புகைப்படமும், வானொலியில் ஒரே ஒரு முறை ஒலிபரப்பான ஒரு பாட்டும் மட்டும் மிஞ்சின.

அந்த ஒரு பாட்டு பிற்காலத்தில் எப்படியோ இணையத்தில் ஏறிவிட்டது. சிலர் அதைத் தலைமேல் வைத்துக் கொண்டாடத் தொடங்கினார்கள். எழுதியவர்கள் எல்லாரும் புகைப்படத்தில் இருந்த இரண்டு இளைஞர்களையும் மேதைகள் என்றார்கள். பாட்டின் இடையே வரும், சொற்களற்ற, கனத்த அந்தக் குரல் இருவரில் யாருடையது என்று பக்கம் பக்கமாக வாதிட்டார்கள். அக்காவைப் பற்றியும் ஒரு வரி வராமல் இல்லை: ‘மாடி அறையைக் கொடுத்து உதவிய சகோதரி.’ படத்தை எடுத்தவள் அவள் என்பதால் படத்திலும் அவள் இல்லை.

அந்தக் குரல் அவளுடையது. அந்த ஒரு பாட்டில் மட்டுமல்ல. எல்லாக் கேசட்டுகளிலும் நான்காவது தடத்தை நிரப்பியவள் அவளே. பையன்கள் இருவரும் வெளியே சுற்றப் போன பகல்களில், கதவைச் சாத்திக்கொண்டு, ஹெட்ஃபோனுக்குள் அவர்கள் விட்டுப்போன இசையின் மேல் அவள் பாடியிருந்தாள். இணையத்து வாதங்களைப் படிக்க நேரும்போதெல்லாம் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவாள். தொலைந்த கேசட்டுகள் என்றைக்காவது கிடைக்க வேண்டும், அந்தக் குரல் முழுதாக வெளியே வந்துவிட வேண்டும், பெயர் வராவிட்டாலும் போகிறது என்று தனக்குத்தானே சொல்லி வைத்திருந்தாள். அதில் முன்பாதி உண்மை.

அக்கா இப்போது ஒரு மருத்துவமனையில் செவித்திறன் பரிசோதகர். ஒலி புகாத கண்ணாடி அறைக்குள் நோயாளியை உட்கார வைத்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டி, வெளியிலிருந்து மெல்லிய ஒலிகளை ஒவ்வொன்றாக அனுப்புவாள். கேட்டால் நோயாளி கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். ஒரு முற்பகலில் காது மந்தமான பெரியவர் ஒருவரை உள்ளே அமர்த்திவிட்டு வந்தபோது கைபேசி அதிர்ந்தது. இளம்பெண் ஒருத்தியின் குரல்.

“ஸ்டெபிலைசர் அக்கா பேசறீங்களா?”

“எதுக்கு ஸ்டெபிலைசர், ஃபிரிட்ஜுக்கா, ஏசிக்கா? தப்பான நம்பருங்க.”

“பாட்டுக்கு மேடம்.”

அக்கா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். பேசியவர் சிறிய அளவில் இசைத்தட்டுகள் வெளியிடும் ஒரு பதிப்பாளர். மூச்சுவிடாமல் கொட்டித் தீர்த்தார்.

“மூடப்போற ஒரு டைப்ரைட்டிங் ஸ்கூல்ல பழைய டேப் ரெக்கார்டர் வாங்கப் போனேன் மேடம். ஒரு மூட்டை கேசட்டையும் சேர்த்துத் தலையில கட்டிட்டாங்க. எல்லாம் கெட்டுப்போனது, போட்டா பேய் முனகற மாதிரி இருக்கும்னாங்க. போட்டுப் பாத்தேன். ஒரு பக்கம் பாட்டு இழுஇழுன்னு இழுக்குது. திருப்பிப் போட்டா கடைசியிலேர்ந்து முதலுக்கு ஓடுது. அப்பதான் பொறி தட்டுச்சு. கெட்டுப்போனது இல்ல, நாலு டிராக் மெஷின்ல வேகமா ஓட விட்டுப் பதிஞ்சது. சாதாரண டேப்புல போட்டா அப்படித்தான் கேக்கும். நம்ம ரேடியோ பாட்டும் அதுல இருக்கு மேடம், கூட ஒரு ஆல்பத்துக்குத் தேவையான அத்தனையும் இருக்கு.”

“டைப்ரைட்டிங் ஸ்கூலுக்கு எப்படிங்க போச்சு?”

“உங்க சித்தப்பா கொடுத்தாராம். வீட்டைக் காலி பண்றப்போ, மேல ஒண்ணும் எழுதலையே, புதுக் கேசட்டு போலன்னு நினைச்சு. அவங்களும் டிக்டேஷன் பதியப் பாத்திருக்காங்க. பல்லு உடைஞ்சிருந்ததால பதிய முடியல. அதனாலதான் தப்பிச்சுது.”

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. யாருடையது என்று தெரியக் கூடாது என்பதற்காக ஒன்றும் எழுதாமல் விட்ட கேசட்டுகள், யாருடையதும் இல்லை என்று தானமாகிப் போயிருந்தன. சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

“இசைத்தட்டு அச்சடிக்கிற ஆலையில இடம் கிடைச்சிருக்கு. மூணு பேரும் சேர்ந்து வந்து கேட்டு, சரின்னு சொல்லிட்டா அனுப்பிடலாம். வருவீங்களா?”

“வராம?” என்றாள் அக்கா.

கண்ணாடிக்கு அப்பால் பெரியவர் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கியில் அவர் குரல் தழுதழுத்தது. “டாக்டரம்மா, எனக்கு ஒண்ணுமே கேக்கல. அவ்வளவுதானா என் காது?”

“ஐயா, நான் இன்னும் ஒண்ணும் அனுப்பவே இல்லைங்க.”

“அதை முதல்லயே சொல்லக்கூடாதா? குலை நடுங்கிப்போச்சு.”

அன்று முழுவதும் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டில் துணி மடித்துக்கொண்டே கணவரிடம் செய்தியைச் சொன்னாள். அவர் செய்தித்தாளை இறக்கிவிட்டுக் கேட்டார்:

“ரொம்ப நாளா ஒரு சந்தேகம். அந்த பேண்டுல நீ என்னதான் பண்ணே?”

“சொல்லக் கூடாது.”

“கட்டின புருஷன்கிட்டகூடவா?”

“உங்களுக்கு மட்டும் தனிச் சட்டமா?”

“அப்படின்னா சந்தேகமே இல்ல, டீதான் போட்டுக் கொடுத்திருக்கே” என்று அவர் மறுபடியும் செய்தித்தாளுக்குள் மறைந்தார். அக்கா ஒரு தலையணை உறையை நான்காக மடித்து, பிரித்து, மறுபடியும் மடித்தாள்.

பதிப்பாளரின் ஒலிப்பதிவுக் கூடம் ஒரு வாகனக் கொட்டகையை அடைத்துக் கட்டியது. சுவரெங்கும் பழைய மெத்தைகளை நிறுத்தி ஆணி அடித்திருந்தார்கள். நடு மேசையில், புது பெல்ட் மாட்டித் துடைத்து வைத்த நான்கு தட ரெக்கார்டர் ஒன்று. அதே வகை. அதைப் பார்த்ததும் தம்பி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தான். அவன் இப்போது லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தான். எந்த இயந்திரத்தையும் அப்படித்தான் முதலில் மரியாதையாகச் சுற்றிவருவான்.

கதவு திறந்து கடுகு வந்தான். பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆசிரியன். சட்டைப் பொத்தான்கள் வயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. குழு கலைந்த நாளுக்குப் பிறகு இருவரும் இன்றுதான் நேருக்கு நேர் நிற்கிறார்கள். தம்பிதான் ஆரம்பித்தான்.

“உன்னை இன்னமும் கடுகுன்னு கூப்பிட்டா கடுகு கோவிச்சுக்குமேடா.”

“உன் தலையில மட்டும் என்ன, லிஃப்டுல ஏறி முடியெல்லாம் மேல போயிடுச்சு போலிருக்கு.”

“சரி சரி, உட்கார்.”

“நீ சொல்லி உட்காரணுமா? அக்கா, நல்லா இருக்கீங்களா?” என்று அவன் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

பதிப்பாளர் டைப்ரைட்டிங் பள்ளிக் கதையை மறுபடியும் சொன்னார். சித்தப்பா என்ற சொல் வந்ததும் இரண்டு ஆண்களின் முகத்திலும் ஈயாடவில்லை.

“சித்தப்பாவா?” என்றான் தம்பி. “நான் இவ்வளவு நாளும் நீதான்னு நினைச்சிட்டிருந்தேன்டா.”

“நான் உன்னைன்னு நினைச்சேன். என் கல்யாணத்துக்குக்கூட உனக்குப் பத்திரிகை வைக்கல.”

“வச்சிருந்தாலும் வந்திருக்க மாட்டேன்.”

“தெரியும். அதான் வைக்கல.”

இருவரும் சிரித்துவிட்டார்கள். அக்காவும் சிரித்தாள். அந்தப் பழைய ஊமைப் பகை உருகிப்போக இவ்வளவு போதுமாக இருந்தது.

பதிப்பாளர் பொத்தானை அழுத்தினார்.

முதலில் வந்தது முனகல். அறை மூலையின் அதே ஸ்டெபிலைசர், பழைய வீட்டின் மின்சாரத்தையே அள்ளிக்கொண்டு வந்தது போல. அதன் மேல் தாளம் கிளம்பியது, தடுக்கி விழுந்து எழுந்து ஓடும் குழந்தை மாதிரி. பிறகு கீபோர்டின் மெட்டு, அடியில் தளும்பும் ஒரு கனமான ஒலி. கடுகு மேசையில் விரல்களால் தட்டத் தொடங்கினான். தம்பி கண்ணை மூடிக்கொண்டான். அவன் கால் தன்பாட்டுக்கு ஆடியது. இருபது வயதில் இப்படியெல்லாம் செய்யத் தங்களுக்கு எங்கிருந்து துணிச்சல் வந்தது என்று அக்கா திகைத்தாள். அரும்பாடுபட்டு அடைத்த அந்த அறை அவர்கள் மூவரின் உடம்பும் சேர்ந்து அதிர்வது போல அதிர்ந்தது.

“இதுக்கு அப்புறம் எவனாவது நம்மளை ஒரே பாட்டு கோஷ்டின்னு சொல்லட்டும்” என்றான் தம்பி. “பிரமாதம்டா.”

பாட்டின் நடுவே குரல் புகுந்தது. பதிப்பாளர் ஒலியைக் குறைத்தார்.

“இங்கதான் ஒரு விஷயம் கேக்கணும். மூணு டிராக்கும் சுத்தமா இருக்கு. நாலாவதுல எல்லாப் பாட்டிலயும் இந்தக் குரல் வருது. பாடினவங்க சரின்னு வாய் திறந்து சொன்னாத்தான் நான் வைக்க முடியும். இல்லைன்னா எடுத்துட வேண்டியதுதான். இது யாரு?”

பழைய படிக்கட்டு மௌனம் அந்தக் கொட்டகைக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது. மூன்று பேரும் மூன்று பக்கம் பார்த்தார்கள். பதிப்பாளர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக் காத்திருந்தார்.

“யாரா இருந்தா என்ன, எடுத்துடுங்க” என்றான் தம்பி, கடுகைப் பார்க்காமல் பார்த்தபடி. “பாட்டு நேரா போய்ட்டிருக்கு. நடுவுல யாரோ ஜலதோஷம் பிடிச்ச ஆள் கிணத்துக்குள்ள இறங்கி முனகற மாதிரி.”

கடுகின் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. “நீயே சொல்றதால சொல்றேன். எனக்கும் அது அப்பவே ஒட்டல. மனசு புண்படுமேன்னுதான் சும்மா இருந்தேன்.”

“யார் மனசு?”

“யாரோ ஒருத்தர் மனசு.”

“பெருந்தன்மைதான் போ” என்றான் தம்பி.

அக்காவுக்கு விஷயம் சட்டென்று விளங்கியது. தம்பி அது கடுகின் குரல் என்று நம்புகிறான்; கடுகு அது தம்பியின் குரல் என்று நம்புகிறான். புதிதாய்ப் பூத்த சிநேகிதத்தில், மற்றவன் தன் குரலையே விட்டுக்கொடுப்பதாக ஒவ்வொருவனும் எண்ணிக்கொண்டு, இருவரும் சேர்ந்து அவளுடைய குரலை வாசலுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஜலதோஷம், கிணறு. அவள் காது மடல் சுட்டது.

“உங்களுக்கு எப்படி மேடம்?” என்று கேட்டார் பதிப்பாளர். “நீங்க காது டெஸ்ட் பண்றவங்க. குரல் இல்லாம ஒருதடவை போடறேன், கேட்டுட்டுச் சொல்லுங்க.”

ரெக்கார்டரின் முகத்தில் நான்கு தடங்களுக்கும் ஒவ்வொரு தள்ளுகுமிழ் இருந்தது. பதிப்பாளர் நான்காவதை விரலால் கீழே இறக்கினார். பாட்டு ஓடியது. சுத்தமாக இருந்தது, வீட்டைக் காலி செய்த பிறகு கழுவித் துடைத்த அறை சுத்தமாக இருப்பது போல. குரல் புகவேண்டிய இடம் வந்தது. தாளம் அங்கே ஒரு கணம் ஒதுங்கி வழிவிட்டது. அந்த வழியில் யாரும் வரவில்லை. தாளம் காத்திருந்துவிட்டு மேலே நடந்தது.

தன் தொழிலில் அவள் ஆயிரம் தடவை கண்டது: ஒலி வராத இடத்தில் நோயாளியின் முகம் மாறுவதில்லை. கேட்காததை இழந்ததாக யாரும் உணர்வதில்லை. இந்த இரண்டு முகங்களிலும் எந்த மாற்றமும் இல்லை. இப்படியே இது அச்சாகிவிட்டால், அப்படி ஒரு குரல் இருந்ததே யாருக்கும் தெரியாமல் போகும்.

“சரியாத்தான் இருக்கு” என்றான் தம்பி. “இப்படியே அனுப்பிடுங்க.”

“அனுப்பக் கூடாது” என்றாள் அக்கா.

மூவரும் திரும்பினார்கள்.

“நாலாவது டிராக் நான்.”

கடுகு முதலில் பதறினான். பிறகு தலையை ஆட்டிச் சிரித்தான். “அக்கா, இன்னும் நீங்க மாறவே இல்ல. நாங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கக் கூடாதுன்னு அந்த ஒயர் அறுந்ததுக்கே பழியை உங்க தலையில போட்டுக்கிட்டவங்கதானே. இப்ப அடிச்சுக்க மாட்டோம். விடுங்க.”

“ஆமாக்கா” என்றான் தம்பி. “அது ஆம்பளைக் குரல்னு பச்சப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எங்க காதுல பூ சுத்தாதே.”

“மெஷினோட வேகத் திருகைக் கூட்டி, டேப்பை வழக்கத்தைவிட வேகமா ஓட விட்டுப் பாடினேன்டா. அப்புறம் சாதாரண வேகத்துல போட்டா குரல் இறங்கித் தடிச்சுப்போகும். நீங்க ரெண்டு பேரும் கண்டுபிடிக்கக் கூடாதுன்னுதான் அப்படிப் பண்ணேன்.”

“நல்லா ஜோடிக்கிறே” என்றான் தம்பி. அவன் குரலில் கேலி இருந்தது. ஆனால் கால் ஆடுவதை நிறுத்தியிருந்தது.

இருவரும் நம்பவில்லை. எத்தனையோ முறை அவர்களுக்காக அவள் சொன்ன பொய்கள் எல்லாம் சேர்ந்து, தனக்காக முதன்முறையாகச் சொன்ன உண்மையை மறித்துக்கொண்டு நின்றன. அக்கா எழுந்தாள். கைப்பையை நாற்காலியில் வைத்தாள்.

“அந்த நாலாவதை ஏத்தாதீங்க. கீழயே இருக்கட்டும்” என்று பதிப்பாளரிடம் சொன்னாள். “முதல்லேர்ந்து போடுங்க.”

நாடா பின்னோக்கிச் சுழன்று நின்றது. முனகல். தடுக்கி விழுந்து ஓடும் தாளம். மெட்டு. அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெஞ்சு தாளத்தைவிட வேகமாக அடித்தது; பயத்தினால் அல்ல என்பது அவளுக்கே வியப்பாக இருந்தது. தாளம் ஒதுங்கி வழிவிட்ட அந்தக் கணத்தில், அவள் வாயைத் திறந்தாள்.

வரவேண்டிய இடத்துக்கு இம்மியளவு பிந்தி, அன்று வந்தது போலவே பிந்தி, குரல் புகுந்தது. நாடாவின் குரலைவிட ஒல்லியானது. ஆனால் அதே வளைவு, உச்சியில் ஏறப்போய் ஏறாமல் பக்கவாட்டில் சரியும் அதே சரிவு, மூச்சை எங்கோ நடுவில் கிள்ளி எடுத்துக்கொள்ளும் அதே இடம். பதிப்பாளர் கையை வாயில் வைத்துக்கொண்டார். கடுகு பாதி எழுந்து, உட்காரவும் இல்லாமல் நிற்கவும் இல்லாமல் இருந்தான். தம்பி ரெக்கார்டரையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தான்.

அவள் பாட்டு முடியும்வரை நிறுத்தவில்லை. முடிந்ததும் மூச்சு வாங்கியது. மூச்சு வாங்கியபடியே இருவரையும் பார்த்துச் சொன்னாள்:

“சமாதானத்துக்காகச் சொல்லலடா. இந்தப் பாட்டுகள்ல இருக்கறதுலயே நல்ல சத்தம் இதுதான். அது என்னுது. எல்லாக் கேசட்டுலயும் என்னுதுதான்.”